கண் மூடாத பி.டி. மிஸ்

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடும்போது ஒருத்தர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் அவரைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் நல்லதாக ஒன்றும் நினைக்கவில்லை. அந்த பி.டி. மிஸ்ஸை முதன்முதலில் பார்த்த அன்றைக்கே எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அன்று என் மகள் படிக்கிற பள்ளியில் விளையாட்டு விழா. செஞ்சியைச் சுற்றி ஏழெட்டுப் பள்ளிகள் இருக்கின்றன. எது என்று நான் சொல்லப் போவதில்லை. ராஜகிரி மலை காலையிலிருந்து வாங்கிய வெயிலையெல்லாம் எங்கள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. "அனைவரும் எழுந்து ஒரு நிமிஷம் பிரார்த்தனை" என்று மைக்கில் சொன்னார்கள். பிள்ளைகள், வாத்தியார்கள், பெற்றவர்கள், பந்தல்காரர் எல்லாரும் கண்ணை மூடினோம். புதிதாக வேலைக்கு வந்திருந்த பி.டி. மிஸ் மட்டும் மூடவில்லை. கழுத்தில் விசில், கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். பஸ்ஸில் ஏறிய செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி வரிசையில் நின்ற ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனார்.

கண்ணை மூடியிருந்த நான் இதை எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். எனக்குப் பிரார்த்தனையில் பாதிக் கண்தான் மூடும். தையல் கடை வைத்திருப்பவள். முழுக் கண்ணையும் மூடினால் கத்தரிக்கோல் காணாமல் போய்விடும்.

நாங்கள் மாதா கோயில்காரர்கள். என் கடை செஞ்சிக் கூட்டு ரோட்டில், வீட்டு முன்னறையில். ஊரில் யார் யாரைப் பற்றி என்ன பேசினாலும் அது ஜாக்கெட் அளவு கொடுக்க வரும்போது என் காதுக்கு வந்துவிடும். அந்த மிஸ்ஸைப் பற்றி நிறைய வந்தது. வீடு வாடகைக்குக் கேட்கப் போன இடத்தில் வீட்டுக்காரம்மா, "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டாராம். "நான் பி.டி. டீச்சருங்க" என்றாராம் இவர். "அது தெரியுது, இன்னா ஆளுங்க?" என்று மறுபடி கேட்டதற்கு, "வாடகையை முதல் தேதியே குடுக்கிற ஆளுங்க" என்றாராம். வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, அப்புறம் மூன்று தெருவில் போய் விசாரித்தார்.

விசாரித்தும் ஒன்றும் தேறவில்லை. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு. அதை எங்கள் ஜனங்களிலும் பாதிப் பேர் வைக்கிறார்கள், அதில் துப்பு கிடைக்காது. கழுத்தில் விசில் கயிறு தவிர வேறொன்றும் இல்லை. பெயராவது காட்டிக் கொடுக்குமா என்றால் அதுவும் எல்லாப் பக்கமும் வைக்கிற பெயர். தவக்காலத்தில் கறி சாப்பிட்டார். புரட்டாசியிலும் கறி சாப்பிட்டார். சொந்த ஊர் கடலூர்ப் பக்கம் என்று ஒருத்தி சொன்னாள், தர்மபுரி என்று இன்னொருத்தி சொன்னாள். ரகசியமாக மதம் மாற்ற வந்தவர் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் அனுப்பிவைத்த ஆள் என்று எங்கள் பக்கத்துக்காரர்கள் சொன்னார்கள்.

ஒரு தடவை கையும் களவுமாகப் பிடிக்கப் பார்த்தேன். அன்று அமாவாசை. அவலூர்ப்பேட்டையில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போக பஸ் ஏறினால், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் படியில் தொங்குகிறது. நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்த மிஸ். ஆகா, அகப்பட்டீர்களா என்று நினைத்துக்கொண்டேன். மலையனூரில் இறங்கவும் இறங்கினார். கோயில் பக்கம் திரும்புகிறாரா, வேறு பக்கம் போகிறாரா என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

இவ்வளவு விசாரணை எதற்கு என்றால், என் மகள் ரெஜினா அவர் கையில் இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. கபடி டீமில் சேர்ந்திருந்தாள். பன்னிரண்டு பேர் டீம். ஏழு பேர் உள்ளே ஆடுவார்கள், ஐந்து பேர் ரிசர்வ் என்று வெளியே பெஞ்சில் உட்காருவார்கள். ரெஜினா ரிசர்வ். வேறு எதிலும் அவள் இப்படி உயிரை விட்டதில்லை. என் துணிச் சாக்பீஸை எடுத்து வீட்டுத் தரையில் கோடு போட்டு, அவள் நைனாவை எதிர் டீமாக நிறுத்தி ஆடுவாள். லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு அலுத்து வந்த மனுஷன் குனிந்து நின்று அவள் காலைப் பிடிக்கப் பார்ப்பார். அந்த ஏழு பேரில் ஒருத்தியாகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

மேட்ச்சுக்கு முன்னால் நகம் வெட்டியிருக்கிறதா, கழுத்தில் கையில் ஏதாவது கிடக்கிறதா என்று அம்பயர் சோதிப்பார். கபடியில் அதெல்லாம் கூடாது, அடுத்தவள் மேல் கிழித்துவிடும். அம்பயர் வருவதற்கு முன்னால் இந்த மிஸ்ஸே ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வரிசையில் வருவார். கொலுசு, வளையல், ஹேர் கிளிப், கழுத்துக் கயிறு எல்லாம் அந்த டப்பாவில் போட வேண்டும்.

"மிஸ், இது சாமிக் கயிறு" என்று ஒரு பிள்ளை முனகினால், "சாமி டப்பாவுல உக்காந்து ஆட்டம் பாக்கட்டும், போடு" என்பார். மேட்ச் முடிகிற வரை அந்த டப்பா அவர் மடியில்தான் இருக்கும்.

ஒரு மேட்ச் முடிந்து வந்த ரெஜினா குளிக்கப் போகும்போது கழுத்துக் கயிற்றைக் கழற்றி மிஷின் மேல் வைத்தாள். கறுப்புக் கயிறு, தேய்ந்துபோன வெள்ளி டாலர். நான் வேளாங்கண்ணியில் வாங்கிக் கட்டியது. வேர்வை படிந்திருக்கிறதே, துடைப்போம் என்று எடுத்து மிஷின் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். மாதா கையில் குழந்தையைக் காணோம். சூலம் இருந்தது.

"ஏசுவே, கழுத்துலயே மாத்திட்டாளா அவ!" என்று கத்திவிட்டேன். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்னால் நான் பி.டி. அறையில் இருந்தேன். எனக்கு முன்னாலேயே தளவானூரிலிருந்து ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். டீம் கேப்டன் சங்கீதாவின் அம்மா. முந்தானை முனையில் எதையோ முடிந்து, அதை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"எம்பொண்ணு கழுத்துல வேதக்கார சாமி தொங்குது. இதுக்கு இன்னா அர்த்தம்?" என்று அவர் ஆரம்பித்தார்.

"எம்பொண்ணு கழுத்துல உங்க அங்காளம்மா தொங்குது. அதுக்கு இன்னா அர்த்தம்?" என்றேன் நான்.

மிஸ் இரண்டையும் வாங்கி மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உள்ளபடி சொன்னால், தேய்ந்த தேய்ச்சலில் இரண்டிலும் ஒரு பொம்பளை நிற்பது மட்டும்தான் தெரிந்தது. மிஸ், "டப்பாவுல இருந்து அவசரத்துல எடுத்துக்கிட்டுப் போயிருக்குதுங்க. இனிமே ஆளுக்கு ஒரு கவர்ல பேர் எழுதிப் போடச் சொல்றேன்" என்றார். அப்புறம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ராத்திரி பசங்க நல்லாத் தூங்குனாங்களா?" என்றார். இரண்டு பேருமே நன்றாகத் தூங்கியிருந்தார்கள். தூங்காதது நாங்கள்தான். நானும் சங்கீதா அம்மாவும் ஒருத்தர் கை ஒருத்தர் மேல் படாமல் அவரவர் டாலரை எடுத்துக்கொண்டு வந்தோம். தெரியாமல் நடந்ததா, தெரிந்தே நடந்ததா என்று அவருக்கும் சந்தேகம், எனக்கும் சந்தேகம்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு உரக்கடைக்காரர் டீமுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்தார். என் கடையில்தான் நம்பர் தைத்தேன். ஜெர்சி கொடுத்தவர் சும்மா இருப்பாரா? அடுத்த மேட்ச்சுக்கு மைதானத்துக்கே வந்துவிட்டார். பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, எல்லார் நெற்றியிலும் குங்குமம் வைக்கச் சொன்னார். சங்கீதா "ஓம் சக்தி" என்று எடுத்துக் கொடுத்தாள், மற்றவர்கள் "பராசக்தி" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு குரல் தனியாகக் கேட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா? வட்டத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். என் மகள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் மற்றவர்களை விட ஒரு விரல் உயரம். இந்த மிஸ் அங்கேயும் கண்ணை மூடாமல் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் நான் பி.டி. அறையில் இருந்தேன்.

"மிஸ், எம்பொண்ணுக்குக் குங்குமம் வச்சது யாரு?"

"அவளேதான் வச்சிக்கிட்டா."

"நீங்க சொல்லாமயா வச்சிக்கினா?"

"நான் சொல்லலை ரெஜினாம்மா. பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அதான், பாத்துக்கினே இருக்கீங்களே! ஊரே கண்ணை மூடிக்கினு கும்புடுது, நீங்க மட்டும் எவ கும்புடுறா, எவ கும்புடலன்னு கணக்கெடுக்கிறீங்களே, இன்னாத்துக்கு?"

அவர் கோபப்படவில்லை. கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடி மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"நேத்து யாரு சத்தம் பெருசாக் கேட்டுது?"

"எம்பொண்ணு சத்தம்தான். அதான வயிறு எரியுது."

"அவளுக்கு அடுத்து?"

யோசித்தேன். பல்லுக்குக் கம்பி கட்டிய ஒரு பெண். அப்புறம் ஒரு நெட்டைப் பெண். இருவரையும் எனக்குத் தெரியும், மேட்ச் நடக்கும்போது ரெஜினாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

"அஞ்சு ரிசர்வும்தான் தொண்டை கிழியக் கத்துச்சுங்க" என்றார் மிஸ். "உள்ள ஆடுற ஏழு பேரும் சும்மா வாயை அசைச்சாங்க. சங்கீதா கொட்டாவிகூட விட்டா. அவங்களுக்கு இடம் இருக்கு, அவங்க எதுக்குக் கத்தணும்? வெளிய உக்காந்திருக்கிறதுங்க கத்துது. சாமி காதுல விழவா? என் காதுல விழ. எல்லாரும் கண்ணை மூடிக்கிறீங்க ரெஜினாம்மா. அந்த நேரத்துல பசங்க மூஞ்சியை யாராவது ஒருத்தர் பாக்க வேணாமா?"

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நன்றாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் கூடும். வீட்டுக்கு வந்து ரெஜினாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி அப்டிக் கத்துன?"

"கத்தலைன்னா என்னை உள்ள எடுக்க மாட்டாங்கம்மா."

"மிஸ் அப்டி சொன்னாங்களா?"

"சொல்லலை."

"சங்கீதா சொன்னாளா?"

"யாரும் சொல்லலைம்மா. ஆனா எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் ஜெர்சியின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்துவிட்டு, "மாதா டாலரைக் கழட்டி வீட்டுலயே வச்சிட்டுப் போவட்டுமா? அதுக்கோசரம்தான் என்னை ரிசர்வ்ல வச்சிருக்காங்களோ இன்னாவோ" என்றாள்.

அவள் திறமை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் கழுத்தில் கிடக்கிற சாமியால்தான் வெளியே உட்கார்ந்திருக்கிறோமோ என்று ஒரு பிள்ளை நினைக்க ஆரம்பித்துவிட்டால், அப்புறம் அவள் எதைத்தான் நம்பி ஆடுவாள்? அன்று ராத்திரி அவள் நைனாவிடம் சொன்னேன். அவர், "அப்டி இருந்தாலும் இருக்கும். நாம இருக்கிறது கொஞ்சம் பேரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த மேட்ச்சுக்கு உரக்கடைக்காரர் தேங்காயோடு வந்தபோது மிஸ் கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

"இன்னாங்க இது, சாமி கும்புடக் கூடாதுன்னு சொல்றீங்களா?" என்றார் அவர்.

"நல்லாக் கும்புடுங்க. இங்க நின்னு உங்க பாட்டுக்குக் கும்புடுங்க. பசங்களை வட்டம் கட்டாதீங்க."

"வட்டம் கட்டுனா இன்னா குடி முழுவிடும்?"

"வட்டம் கட்டுனா, அதுல எவ நிக்கலைன்னு தெரிஞ்சிடுமுங்க."

பிள்ளைகள் பக்கம் திரும்பி, "கும்புடணும்னா கும்புடு. பக்கத்துல இருக்கிறவளைக் கூப்புடாத. அவ்வளவுதான்" என்றார். சங்கீதா கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள், அவள் உள்ளங்கையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். யாரையும் மிஸ் தடுக்கவில்லை. உரக்கடைக்காரர் உடைக்காத தேங்காயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முறைத்தபடி நின்றார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நம்ம பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது என்று அன்றைக்கு ஒரு நாள் முழுக்க நம்பினேன்.

அந்த நம்பிக்கையில்தான் எங்கள் கோயில் மாதர் சங்கத்தில் பேசினோம். முக்கியமான மேட்ச் வருகிறது, ஃபாதர் வந்து பிள்ளைகள் எல்லாரையும் ஆசீர்வதித்து ஒரு ஜெபம் சொல்லட்டும் என்று. நானே தூது போனேன்.

"எல்லாப் பசங்களும் நல்லா இருக்கணும்னுதான மிஸ். ரெண்டு நிமிஷம்."

"வட்டமா நிப்பாங்களா?"

"நிப்பாங்க."

"அப்ப வேணாம்."

"இன்னா மிஸ் இது! அவங்களுக்குத்தான் வேணாம்னீங்க, நமக்குமா?"

"நமக்குன்னா யாருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. எந்தச் சாமியும் இல்லாத பொம்பளை என்று சங்கத்தில் வந்து சொன்னேன். சங்கத்தில் இருந்து ஊருக்குப் போனது. அவர்கள் பக்கம் சூடத்தை அணைத்தவர், எங்கள் பக்கம் ஃபாதரைத் திருப்பியவர் என்று இரண்டு பக்கமும் பெயர் எடுத்துவிட்டார்.

அந்த முக்கியமான மேட்ச்சில் சங்கீதாவுக்குக் கால் பிசகியது. ரெஜினாவை உள்ளே அனுப்பினார். முதல் தடவையாக ரெய்டு போகிறாள். "கபடி கபடி" என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போக வேண்டும். போனாள், ஒருத்தியைத் தொட்டும் விட்டாள். திரும்புவதற்குள் கார்னரில் நின்ற தடித்த பெண் ஒருத்தி அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிடியில் ரெஜினா "மாதாவே!" என்று அலறினாள். விசில். அவுட்.

கோட்டுக்குக் கை எட்டுகிற தூரம். நான் பெஞ்சைத் தாண்டி ஓடினேன். "மாதா பேரைச் சொன்னா அவுட்டா? இது இன்னாய்யா நாயம்!" என்று அம்பயரைக் கேட்டேன். மிஸ்தான் என் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"மாரியாத்தான்னு கத்தியிருந்தாலும் அவுட்டுதான் ரெஜினாம்மா. பாடிப் போறப்ப கபடின்ற வார்த்தையைத் தவிர எதுவும் வரக் கூடாது. வந்தா பாட்டு உடைஞ்சது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. மேட்ச்சும் போயிற்று. வேனில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணுக்குக் கால் நல்லா இருக்கு. மூச்சு பத்தலை. எவளாவது பிடிச்சா பயந்துடறா, பயந்தா பாட்டு உடையுது. இன்னும் ஒரு வருஷம் ரிசர்வ்தான்."

"வெளிய உக்கார வைக்க எதுனா ஒரு காரணம் கிடைச்சிடுது உங்களுக்கு."

"ஆமா, இதான் காரணம். வேற எதுவும் இல்லை. அவகிட்டயும் சொல்லிட்டேன். எதுக்கு வெளிய உக்காந்திருக்கோம்னு இப்ப அவளுக்குத் தெரியும். அது தெரிஞ்சா மீதியை ஓடிச் சரி பண்ணிக்குவா."

ஓடத்தான் ஆரம்பித்தாள். விடியற்காலையில் எழுந்து ஏரிக்கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டே ஓடுவாள். இன்றைக்கு ஆலமரம் வரை போனேன், இன்றைக்கு மதகு வரை போனேன் என்று வந்து சொல்வாள். டாலரைக் கழற்றட்டுமா என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. ரிசர்வில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

ஆனால் ஊர் விடவில்லை. பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். உரக்கடைக்காரர், சங்கீதா அம்மா, எங்கள் மாதர் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில். அந்த மாதிரி ஒற்றுமையை நான் அதுவரை செஞ்சியில் பார்த்ததில்லை. "சாமி பயம் இல்லாத டீச்சர்கிட்ட எப்படிங்க பொம்பளைப் பசங்களை விடுறது?" என்றார் சங்கீதா அம்மா. எங்கள் சங்கத் தலைவி, "கரெக்டா சொன்னீங்கக்கா" என்றார். தலைமை ஆசிரியருக்கு டென்ஷன் தாங்கவில்லை, வேர்த்து ஊற்றியது.

நான் எழுந்தேன். "எம்பொண்ணை இந்த மிஸ் வெளியதான் உக்கார வச்சிருக்காங்க. எனக்குக் கோவம்தான். ஆனா கும்புடுன்னும் சொல்லலை, கும்புடாதன்னும் சொல்லலை. அதையும் சொல்லணும் இல்ல" என்றேன். என் சங்கத்துக்காரி ஒருத்தி என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கடைசியில் தலைமை ஆசிரியர் கெஞ்சுகிற மாதிரி, "மேடம், நீங்க எந்த மதம்னு மட்டும் சொல்லிடுங்க. பிரச்சனை முடிஞ்சிடும்" என்றார்.

எல்லாரும் மிஸ் பக்கம் திரும்பினார்கள். எனக்கும் ஆவல்தான், மறைப்பானேன். எத்தனை மாதமாகத் தேடிய துப்பு!

"சொல்லிடலாம் சார்" என்றார் மிஸ். "சொன்ன நிமிஷத்துல இருந்து நான் எந்தப் பொண்ணை வெளிய உக்கார வச்சாலும் அதுக்கு இவங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சிடும். அந்தப் பொண்ணுக்கும் கிடைச்சிடும். வேணாம் சார்."

கொஞ்ச நாளில் மாற்றுப் பணி என்று எங்கோ தூரத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று பிள்ளைகளிடம் பெரிதாக ஒன்றும் பேசவில்லையாம். நகம் வெட்டச் சொன்னாராம். அவர் எந்தச் சாமி என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரியாதது இன்னமும் எனக்கு உறுத்துகிறது.

புதிதாக வந்த பி.டி. சார் நல்ல மனுஷன், எல்லாருக்கும் பிடித்தவர். முதல் மேட்ச்சிலேயே அருமையான ஏற்பாடு செய்தார். வட்டத்தின் நடுவில் சங்கீதா சூடம் காட்டி ஒரு பாட்டு, அந்த முஸ்லிம் பெண் ஒரு துவா, எங்கள் ரெஜினா ஒரு பரலோக மந்திரம். உரக்கடைக்காரருக்கும் திருப்தி, ஃபாதருக்கும் திருப்தி. மூன்று பிள்ளைகளும் கை கோத்து நிற்கிற போட்டோ எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போயிற்று. அந்த மூன்று பேரும் அன்று உள்ளே ஆடிய ஏழு பேரில் இருந்தார்கள். ஆம், ரெஜினாவும். ஏழில் ஒருத்தி. மேட்ச்சில் ஜெயித்தும் விட்டார்கள்.

அவள் நைனா ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் போட்டோவைக் காட்டினேன். ரெஜினா மட்டும் ஜெர்சியைக்கூடக் கழற்றாமல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, என்னை எதுக்கு எடுத்தாங்க?"

"இன்னாடி கேள்வி இது, நல்லா ஆடுற, எடுத்தாங்க."

"மூச்சு இன்னும் பத்தலைம்மா. எனக்கே தெரியுது. இன்னைக்கு ரெய்டுல பாதியில திரும்பி வந்துட்டேன். அந்த நெட்டைப் பொண்ணு என்னைவிட நல்லா ஆடுது. அதை எடுக்கலை."

"சாருக்குத் தெரியாதா?"

"ஜெபம் சொல்ல நம்ம ஆளுங்கள்ல ஒண்ணு வேணும்னு எடுத்தாங்களாம்மா?"

"யாருடி சொன்னா அப்டி?"

"யாரும் சொல்லலை."

நான் மிஷினை மிதித்தேன். ஊசியில் நூல் இல்லை, சும்மா மிதித்தேன்.

"அடுத்த மேட்ச்சுக்கு ஜெபம் சொல்ல மாட்டேன்னு சொல்லிப் பாக்கட்டுமா? அப்பவும் எடுத்தாங்கன்னா, நான் நல்லா ஆடுறேன்னு தெரிஞ்சிடும்."

எடுக்காவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் நைனா ஒரு மைசூர்பாகை எடுத்து அவள் வாயில் வைக்கப் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாப்ட்டுட்டுப் படு. காலையில ஓடணும்" என்றேன்.

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்த் தட்டி எழுப்பினேன். "எதுக்கும்மா ஓடணும்?" என்று கேட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.